வீட்டுக்கு வந்த ஸ்டூடியோ – ஆடியோ இன்டர்ஃபேஸ் பிறந்த கதை

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படுபவர் முதலில் வாங்குவது ஒரு நல்ல மைக். அதை லேப்டாப்பில் செருகப் போனால் பொருந்தாது. மைக் கேபிளின் நுனியில் மூன்று முள் கொண்ட பெரிய கனெக்டர் இருக்கும். லேப்டாப்பில் அதற்கு இடமே கிடையாது. நடுவில் ஒரு பெட்டி வேண்டும் என்பது அப்போதுதான் தெரியவரும். அந்தப் பெட்டியின் பெயர்தான் ஆடியோ இன்டர்ஃபேஸ்.

பார்ப்பதற்கு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். முன்பக்கம் இரண்டு துளைகள், இரண்டு மூன்று திருகு குமிழ்கள், '48வி' என்று எழுதிய ஒரு பட்டன், பின்பக்கம் ஒரு யு.எஸ்.பி. துளை. அவ்வளவுதான். ஆனால் 1970களில் இதே வேலையைச் செய்ய ஒரு அறை நிறைய இயந்திரங்களும், அவற்றை இயக்க ஆட்களும், மணிக்கணக்கில் வாடகையும் தேவைப்பட்டன.

அந்த அறை எப்படி இந்தப் பெட்டிக்குள் சுருங்கியது? அதில் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பெட்டியில் உள்ள பாகங்களில் பெரும்பாலானவை வீட்டில் பாடுபவருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவையே அல்ல!

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கதைக்குப் போகும் முன் பெட்டியின் வேலையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

மைக் என்பது காற்றின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி. அந்த மின்சாரம் மிக மிகச் சிறியது, சில மில்லி வோல்ட் அளவுதான். அதை ஆயிரம் மடங்கு வரைகூடப் பெரிதாக்க வேண்டியிருக்கும். இந்த வேலையைச் செய்வது ப்ரீஆம்ப். அடுத்து, பெரிதாக்கப்பட்ட மின் அலையை எண்களாக மாற்ற வேண்டும், ஏனென்றால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது எண்கள் மட்டும்தான். இதைச் செய்வது கன்வர்ட்டர். அந்த எண்களைக் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது மூன்றாவது வேலை. கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி வரும் எண்களை மறுபடி மின் அலையாக்கி ஹெட்போனுக்குத் தருவது நான்காவது வேலை. இவை எல்லாம் பாடுபவருக்குத் தெரியாத வேகத்தில் நடக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது டிரைவர் என்ற மென்பொருள்.

ப்ரீஆம்ப், கன்வர்ட்டர், கேபிள், டிரைவர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

ஸ்டூடியோ என்ற கோட்டை

இசைத்தட்டு காலத்தில் ஒலிப்பதிவு என்பது கம்பெனிகளின் தனி உரிமை போலவே இருந்தது. காரணம் சட்டம் அல்ல, செலவு. மெழுகுத் தட்டில் நேரடியாக வெட்டிப் பதிவு செய்யும் இயந்திரத்தைத் தனி மனிதர் வாங்கி வைத்துக்கொள்வது நடக்காத காரியம்.

வணிகவியல் மொழியில் சொன்னால், நுழைவுத் தடை மிக உயரமாக இருந்தது. அதன் விளைவு பாடகரின் ஒப்பந்தத்தில் தெரிந்தது. மேற்கத்திய இசைத்தட்டு ஒப்பந்தங்களில் வழக்கமாகக் காணப்பட்ட முறை இதுதான்: ஸ்டூடியோ செலவை கம்பெனி முன்பணமாகக் கொடுக்கும். பாடகருக்கு வரவேண்டிய ராயல்டியிலிருந்து அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளும். முழுவதும் கழித்து முடித்த பிறகும் மாஸ்டர் பதிவு கம்பெனியின் சொத்தாகவே இருக்கும். வீட்டுக் கடனைக் கட்டி முடித்த பிறகும் வீடு வங்கிக்கே சொந்தம் என்பது போன்ற ஏற்பாடு!

ஆகவே "பதிவு செய்யும் கருவி யார் கையில் இருக்கிறது" என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல. பாட்டு யாருடையது என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

போரில் கிடைத்த டேப்

கோட்டையில் முதல் விரிசலை உண்டாக்கியது காந்த டேப். ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னெட்டோஃபோன் என்ற டேப் ரெக்கார்டரைக் காட்டியது. ஜெர்மன் வானொலி நிலையங்கள் அதைப் பயன்படுத்தின. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜாக் முல்லின் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் அப்படிப்பட்ட இரண்டு இயந்திரங்களையும் 50 டேப் சுருள்களையும் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். 1946இல் சான் பிரான்சிஸ்கோவில் அதை இயக்கிக் காட்டினார்.

இதில் ஆர்வம் காட்டியவர் பாடகர் பிங் கிராஸ்பி. வாராவாரம் வானொலியில் நேரலையாகப் பாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே பதிவு செய்து வைத்துவிட்டு ஓய்வெடுக்க விரும்பினார். ஆம்பெக்ஸ் என்ற சிறிய கலிஃபோர்னிய நிறுவனத்துக்கு 50,000 டாலர் கொடுத்து உதவினார். 1948இல் ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர் விற்பனைக்கு வந்தது.

கிராஸ்பி தன் நண்பரான கிதார் கலைஞர் லெஸ் பாலுக்கும் ஒரு இயந்திரம் பரிசளித்தார். வீட்டு ஒலிப்பதிவின் உண்மையான தொடக்கம் இங்கேதான் எனலாம். லெஸ் பால் ஏற்கெனவே தன் கேரேஜில் தட்டு வெட்டும் இயந்திரத்தை வைத்து, ஒரு கிதார் மேல் இன்னொரு கிதாரை அடுக்கிப் பதிவு செய்து பழகியவர். டேப் ரெக்கார்டரில் கூடுதலாக ஒரு ஹெட்டைப் பொருத்தி, பழைய பதிவைக் கேட்டுக்கொண்டே அதன் மேல் புதியதைச் சேர்த்துப் பதியும் வழியைக் கண்டுபிடித்தார். ஆனால் அதில் ஒரு பெரிய ஆபத்து. புதியது பதிவாகும்போது பழையது அழிந்துவிடும். பத்தாவது அடுக்கில் ஒரு தவறு செய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்! அப்படி அவரும் மேரி ஃபோர்டும் சேர்ந்து செய்த 'ஹவ் ஹை தி மூன்' 1951இல் அமெரிக்கப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது.

1957இல் ஆம்பெக்ஸ் அவருக்காக எட்டு ட்ராக் இயந்திரம் ஒன்றைச் செய்துகொடுத்தது. விலை 10,000 டாலர். எட்டு பேர் எட்டு தனித்தனிப் பாதையில் பதிவாகலாம், ஒன்றை அழித்தாலும் மற்றவை அப்படியே இருக்கும். ஆனால் அந்த விலையில் அதை வாங்க லெஸ் பால் போன்ற நட்சத்திரத்தால்தான் முடியும்.

நார்வேயின் அவசர விளக்கு

இன்றைய பெட்டியில் உள்ள '48வி' பட்டனுக்குப் பின்னால் ஒரு சுவையான கதை உண்டு.

ஸ்டூடியோக்களில் பெரிதும் விரும்பப்படும் கண்டென்சர் மைக்குகள் வேலை செய்ய மின்சாரம் தேவை. முன்பு ஒவ்வொரு மைக்குக்கும் தனியாக ஒரு பவர் சப்ளை பெட்டி இருந்தது. நார்வே நாட்டு வானொலி நிறுவனம் 1966இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனத்திடம், மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் போகும்படி ஒரு மைக் கேட்டது. எவ்வளவு வோல்ட்? அந்த வானொலியின் ஸ்டூடியோக்களில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் இணைப்பு இருந்தது. அதையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று முடிவானது. அப்படி வந்ததுதான் கே.எம். 84 என்ற மைக். அந்த 48 வோல்ட் பின்னர் உலகம் முழுவதற்கும் பொது அளவாகிவிட்டது.

கிதார் செருகும் கால் அங்குல ஜாக் அதைவிடப் பழையது. 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில், ஒரு அழைப்பை இன்னொன்றோடு இணைக்க ஆபரேட்டர்கள் கையால் செருகிய அதே வகை ஜாக்தான் அது.

நெப்ராஸ்கா – கேசட்டில் வந்த ஆல்பம்

காம்பாக்ட் கேசட்டை ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்தியபோது அதன் முக்கிய நோக்கம் இசை அல்ல. பேச்சைப் பதிவு செய்வதும் அலுவலகக் கடிதங்களைச் சொல்லி எழுதவைப்பதும்தான். பிறகு இசை அதைப் பிடித்துக்கொண்டது.

ஜப்பானின் டியாக் நிறுவனம் 1979இல் 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்ற கருவியை வெளியிட்டது. சாதாரண கேசட்டில் நான்கு ட்ராக்குகள். ஒலித்தரம் கூடுவதற்காக டேப் வழக்கமான வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் ஓடும். சிறிய மிக்ஸரும் அதிலேயே உண்டு. மைக் ப்ரீஆம்ப், மிக்ஸர், ரெக்கார்டர் மூன்றும் ஒரே பெட்டியில் சேர்ந்தது இதில்தான். இன்றைய ஆடியோ இன்டர்ஃபேஸின் பாட்டி என்று இதைச் சொல்லலாம்.

1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தான் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில் இந்தப் பெட்டியை வைத்துப் புதிய பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார். மைக் இரண்டே இரண்டு, ஷ்யூர் எஸ்.எம். 57. நோக்கம் ஆல்பம் அல்ல. இசைக்குழுவுக்குப் பாடலைக் கற்றுக்கொடுக்க ஒரு மாதிரிப் பதிவு, அவ்வளவுதான். பிறகு குழுவோடு பெரிய ஸ்டூடியோவில் அதே பாடல்களை முறையாகப் பதிவு செய்து பார்த்தார். கேசட்டில் இருந்த தனிமையும் இருளும் அதில் வரவில்லை. கடைசியில் உறை கூட இல்லாமல் வாரக்கணக்கில் பாக்கெட்டில் கிடந்த அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக 1982 செப்டம்பரில் வெளிவந்தது. கேசட்டின் இரைச்சலைச் சமாளித்து இசைத்தட்டாக மாற்றப் பொறியாளர்கள் படாத பாடு பட்டார்கள்.

விலை உயர்ந்த ஸ்டூடியோ எப்போதுமே சிறந்த பதிவைத் தரும் என்ற நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது.

எண்ணாக மாறிய ஒலி

கன்வர்ட்டரின் கதையும் தொலைபேசியில்தான் தொடங்குகிறது. அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1937இல் பாரிஸில் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட தொலைபேசிக் கம்பிகளில் குரலோடு இரைச்சலும் சேர்ந்து பெரிதாகிக்கொண்டே போவது பெரிய தலைவலி. குரலை அலையாக அனுப்பாமல், நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, அந்த அளவுகளை எண்களாக அனுப்பினால் என்ன? மறுமுனையில் எண்ணைச் சரியாகப் படிக்க முடிந்தால் போதும், நடுவில் சேர்ந்த இரைச்சல் ஒரு பொருட்டே அல்ல. இதுதான் பி.சி.எம். முறை. இன்றைய எல்லா ஆடியோ இன்டர்ஃபேஸ்களும் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது இதே வகை எண்களைத்தான். ரீவ்ஸ் காலத்தில் அதைச் செய்யத் தகுந்த மலிவான மின்னணுச் சாதனங்கள் இல்லை. யோசனை பல ஆண்டுகள் காத்திருந்தது.

நொடிக்கு எத்தனை முறை அளப்பது? கேட்க வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்று கணிதம் சொல்கிறது. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எனவே 40,000க்கு மேல். ஆனால் சி.டி.யில் இருப்பது 44,100 என்ற விநோதமான எண். இது எங்கிருந்து வந்தது?

வீடியோ ரெக்கார்டரிலிருந்து! 1970களின் இறுதியில் இவ்வளவு எண்களை வேகமாகப் பதிவு செய்யக் கையில் கிடைத்த சாதனம் வீடியோ டேப்தான். எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, தொலைக்காட்சிப் படம் போல மாற்றிப் பதிவு செய்தார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 60 புலங்கள், ஒவ்வொன்றிலும் பயன்படக்கூடிய 245 கோடுகள், கோட்டுக்கு 3 எண்கள். 60 × 245 × 3 = 44,100. ஐரோப்பிய முறையில் 50 × 294 × 3. அதுவும் 44,100தான்! இரண்டுக்கும் பொருந்தியதால் அந்த எண்ணே நிலைத்தது. 1982இல் சி.டி. வந்தபோது அதிலும் ஏறிக்கொண்டது. வீடியோ டேப் மறைந்துவிட்டது, ஆனால் இன்றும் ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்தால் தேர்வு செய்யும் பட்டியலில் 44,100 நிற்கிறது.

சி.டி.யின் 16-பிட் அளவில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் 65,536 படிகள் உண்டு. இன்றைய இன்டர்ஃபேஸ்களின் 24-பிட் அளவில் சுமார் 1 கோடியே 68 லட்சம் படிகள். இதன் நடைமுறைப் பலன் என்ன? பாடகர் திடீரென்று உரக்கப் பாடினாலும் பதிவு கிழியாதபடி, ஒலி அளவைக் குறைத்து வைத்தே பாதுகாப்பாகப் பதிவு செய்யலாம். பக்கத்தில் ஒலிப்பதிவாளர் இல்லாமல் தனியாகப் பாடுபவருக்கு இது பெரிய வரம்.

கோடம்பாக்கத்தில் ஒரு வீடு

இதற்கிடையே 1983இல் மிடி என்ற பொது மொழி வந்தது. வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளும் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேச இது வழி செய்தது. மிடி ஒலியைக் கடத்துவதில்லை. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பை மட்டும் கடத்துகிறது. அதனால் அன்றைய மெதுவான கம்ப்யூட்டர்களாலேயே ஒரு முழு இசைக்குழுவை நடத்த முடிந்தது. பெரிய ஹாலில் பல வாத்தியக்காரர்களை ஒன்றாக உட்காரவைக்காமல், ஒரு அறையில் ஒருவரே இசையை அடுக்கடுக்காகக் கட்டலாம்.

இந்த அலை சென்னையையும் தொட்டது. விளம்பரப் படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த ஏ.ஆர். ரஹ்மான் 1980களின் இறுதியில் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்ந்து பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டூடியோவை அமைத்தார். 1992இல் வந்த 'ரோஜா'வின் இசை உருவானது அங்கேதான். முதல் படத்துக்கே தேசிய விருது கிடைத்தது. பெரிய இசைக்குழு ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்வதே வழக்கமாக இருந்த தமிழ்த் திரையுலகில், நள்ளிரவில் வீட்டு ஸ்டூடியோவில் பாடிவிட்டுப் போகும் பழக்கம் அதன் பிறகு புதுமையாக இல்லாமல் போனது. ஆனாலும் அது பெரும் முதலீட்டில் அமைந்த ஸ்டூடியோ. சாதாரண மாணவர் கனவு காணக்கூடியது அல்ல.

கம்ப்யூட்டருக்குள் நுழைந்த குரல்

மிடி குறிப்பை கம்ப்யூட்டர் எளிதில் சமாளித்தது. உண்மையான குரல்? அதற்கு நினைவகமும் வேகமும் போதவில்லை.

கலிஃபோர்னியாவின் டிஜிடிசைன் நிறுவனம் 1989இல் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு சவுண்ட் டூல்ஸ் என்ற தொகுப்பையும், 1991இல் ப்ரோ டூல்ஸையும் வெளியிட்டது. முதல் ப்ரோ டூல்ஸ் நான்கு ட்ராக் மட்டுமே, விலை சுமார் 6,000 டாலர். கம்ப்யூட்டர் விலை தனி! கணக்கு போடும் வேலையைக் கம்ப்யூட்டரால் செய்ய முடியாததால் தனிக் கார்டுகள் செருக வேண்டியிருந்தது.

1992இல் கைக்கு வந்த அலெசிஸ் நிறுவனத்தின் அடாட் வேறு வழியில் போனது. வீடியோ கேசட்டிலேயே எட்டு ட்ராக் டிஜிட்டல் ஒலி, விலை 3,995 டாலர். பெரிய ஸ்டூடியோக்களில் டிஜிட்டல் மல்டிட்ராக் இயந்திரங்கள் இதைவிடப் பல மடங்கு விலையில் இருந்த காலம் அது. அலானிஸ் மோரிசெட்டின் 'ஜாகட் லிட்டில் பில்' (1995) ஆல்பத்தின் பாடல்கள் தயாரிப்பாளர் கிளென் பல்லார்டின் வீட்டு ஸ்டூடியோவில் அடாட் இயந்திரத்தில்தான் உருப்பெற்றன. அடாட் இயந்திரம் மறைந்தாலும், அது பயன்படுத்திய ஒளியிழை இணைப்புக்கு இன்றும் இன்டர்ஃபேஸ்களின் பின்புறத்தில் 'அடாட்' என்றே பெயர்.

இன்னொரு பக்கம், சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை விற்கத் தொடங்கியது. இதை மக்கள் வாங்கியது கம்ப்யூட்டர் விளையாட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்க! ஆனால் அதன் தயவில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒலி என்பது சாதாரண விஷயமாயிற்று. ஒலிச் சில்லுகள் பெருமளவில் உற்பத்தியாயின, விலையும் சரிந்தது. பி.காம். முதலாண்டுப் புத்தகத்தில் வரும் "பேரளவு உற்பத்திச் சிக்கனம்" என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

தாமதம் என்ற எதிரி

1990களின் நடுவில் கம்ப்யூட்டர்கள் போதுமான வேகம் பெற்றுவிட்டன. 1996இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வெளியிட்ட கியூபேஸ் வி.எஸ்.டி., தனிக் கார்டு இல்லாமலே கம்ப்யூட்டரின் சொந்த வேகத்தில் மிக்ஸிங் செய்தது. ஆனால் ஒரு தொல்லை மிஞ்சியது: தாமதம்.

பாடகர் பாடுகிறார். குரல் மைக்கில் நுழைந்து, எண்ணாகி, கம்ப்யூட்டரில் புகுந்து, மறுபடி ஒலியாகி ஹெட்போனுக்கு வர நேரம் ஆகிறது. விண்டோஸ் அப்போது ஒலியைக் கையாண்ட பாதை மணி அடிக்கவும் விளையாட்டுக்கும் போதுமானது. பாட்டுக்குப் போதாது. தன் குரலே எதிரொலி போலப் பிந்தி வந்தால் யாராலும் தாளத்தில் பாட முடியாது.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதாவது 10 மில்லி வினாடித் தாமதம் என்றால் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்பது போல. அதைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். 100 மில்லி வினாடி என்றால் 34 மீட்டர், ஒரு பெரிய மண்டபத்தின் மறுகோடி!

1997இல் ஸ்டைன்பெர்க், ஏ.எஸ்.ஐ.ஓ. என்ற டிரைவர் முறையைக் கொண்டுவந்தது. விண்டோஸின் வழக்கமான சுற்றுப்பாதையைத் தவிர்த்து, மென்பொருளும் ஒலிக் கருவியும் நேரடியாகப் பேசும் குறுக்குவழி இது. மற்ற கம்பெனிகளும் பயன்படுத்த அனுமதித்ததால் விரைவில் பொது வழக்கமாகிவிட்டது. இந்தக் கதையில் மிடிக்குப் பிறகு இசைக்காகவே பிறந்த பாகம் இதுதான். இன்று இன்டர்ஃபேஸ் வாங்கியவர் மென்பொருளில் 'பஃபர்' அளவைக் கூட்டிக் குறைப்பது இதோடு தொடர்புடைய வேலைதான். 512 என்று வைத்தால் ஒரு பஃபருக்கு மட்டும் 11.6 மில்லி வினாடி, 64 என்றால் 1.5க்கும் குறைவு. பாடும்போது குறைவாகவும் மிக்ஸ் செய்யும்போது அதிகமாகவும் வைப்பது நல்லது. பஃபர் குறையக் குறையக் கம்ப்யூட்டருக்கு வேலைப் பளு கூடி, பதிவில் 'டிக் டிக்' என்ற சத்தம் வரும். பல பெட்டிகளில் கம்ப்யூட்டரைச் சுற்றாமல் மைக் ஒலியை நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் 'டைரக்ட் மானிட்டர்' பட்டனும் உண்டு.

ஒரே கேபிள்

கடைசித் தடை கம்ப்யூட்டரைத் திறந்து கார்டு செருகுவது. பெட்டிக்குள் மின்விசிறி, ஹார்டு டிஸ்க் என்று இரைச்சல் கிளப்பும் பாகங்கள் பல. லேப்டாப்பிலோ கார்டு செருகவே முடியாது.

வீடியோ கேமராக்களால் பிரபலமான ஃபயர்வயர் கேபிள் நொடிக்கு 400 மெகாபிட் கடத்தும். மோட்டு நிறுவனம் 2001இல் அதை வைத்து 828 என்ற பெட்டியைச் செய்தது. எட்டு அனலாக் உள்ளீடுகள், ஒரே கேபிள். யு.எஸ்.பி. வந்ததோ கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் இணைக்க. முதல் தலைமுறை யு.எஸ்.பி.யின் வேகம் 12 மெகாபிட்தான். 24-பிட், 48,000 அளவீடு கொண்ட ஒரு ட்ராக்குக்கு 1.15 மெகாபிட் வேண்டும். ஆக இரண்டு உள்ளே, இரண்டு வெளியே என்றால் தாராளமாகப் போகும். தனியாகப் பாடுபவருக்கு அது போதுமே!

2002இல் டிஜிடிசைன் வெளியிட்ட எம்பாக்ஸ் இந்தக் கணக்கில் பிறந்தது. 495 டாலருக்கு இரண்டு ப்ரீஆம்ப், யு.எஸ்.பி. இணைப்பு, கூடவே ப்ரோ டூல்ஸின் சிறிய வடிவம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் 6,000 டாலருக்கு நான்கு ட்ராக் கிடைத்ததை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அதன் ப்ரீஆம்ப்கள் இங்கிலாந்தின் ஃபோகஸ்ரைட் நிறுவனத்துடையவை. ரூபர்ட் நீவ் 1985இல் தொடங்கிய அந்த நிறுவனம், பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவுக்கு ப்ரீஆம்ப் செய்துகொடுத்துப் பெயர் பெற்றது. அதே ஃபோகஸ்ரைட் 2011இல் கொண்டுவந்த சிவப்புப் பெட்டிதான் ஸ்கார்லெட் 2ஐ2. அமெரிக்கக் கடைகளில் 200 டாலருக்கும் குறைவாக விற்ற அது, உலகமெங்கும் மாணவர் விடுதிகளிலும் படுக்கையறைகளிலும் புகுந்தது. பணக்கார ஸ்டூடியோக்களுக்காகப் பிறந்த நிறுவனம் எளியவர்களுக்கு விற்று வளர்ந்தது. 2014இல் லண்டன் பங்குச் சந்தையின் சிறு நிறுவனப் பிரிவிலும் பட்டியலானது.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

எல்லாக் கணக்கிலும் இரண்டு பக்கம் உண்டு. நியூயார்க்கின் புகழ்பெற்ற ஹிட் ஃபேக்டரி ஸ்டூடியோ 2005இல் மூடப்பட்டது. வீட்டுக் கணினிப் பதிவும் இசைத் துறையின் வருமானச் சரிவும் சேர்ந்து இப்படிப் பல ஸ்டூடியோக்களைச் சாய்த்தன. அவற்றோடு மூத்த ஒலிப்பதிவாளரின் கீழ் கேபிள் சுற்றி, டீ வாங்கிக் கொடுத்து வேலை கற்றுக்கொள்ளும் முறையும் சுருங்கிப்போனது. அந்த இழப்பைப் பெட்டி ஈடுகட்டவில்லை.

வரவுப் பக்கத்தில் இமோஜன் ஹீப்பை வைக்கலாம். இந்த ஆங்கிலப் பாடகி தன் ஃபிளாட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டி, 2005இல் 'ஸ்பீக் ஃபார் யுவர்செல்ஃப்' ஆல்பத்தைத் தானே தயாரித்துத் தன் சொந்த லேபிளில் வெளியிட்டார். கம்பெனியிடம் முன்பணம் வாங்கவில்லை. ஆகவே பதிவு அவருடையது. அடுத்த ஆல்பமான 'எலிப்ஸ்' (2009) எஸெக்ஸில் தான் வளர்ந்த வீட்டின் அடித்தளத்தில் அமைத்த ஸ்டூடியோவில் உருவானது. 2010இல் அதற்குக் கிடைத்த கிராமி விருது எதற்குத் தெரியுமா? சிறந்த ஒலிப்பதிவுப் பொறியியலுக்கு! வீட்டில் பதிவு செய்தால் தரம் குறையும் என்ற வாதத்துக்கு அதைவிடச் சரியான பதில் இல்லை.

பத்தாண்டு கழித்து, லாஸ் ஏஞ்சலிஸில் அண்ணன் ஃபின்னியாஸின் சிறிய படுக்கையறையில் பதிவான பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம், 2020 ஜனவரியில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி பெற்றது. அதே வேளையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங்ஸ்டீனுக்குப் பின்னாலும் பில்லி ஐலிஷுக்குப் பின்னாலும் பெரிய கம்பெனிகள் இருந்தன. பதிவு செய்யும் செலவு குறைந்ததே தவிர, பதிவானதை நாலு பேர் காதுக்குக் கொண்டுசேர்க்கும் செலவு குறையவில்லை. தடை உடைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு ஸ்டூடியோ வாசலில் நின்றது, இப்போது கேட்பவரின் கவனத்தின் வாசலில் நிற்கிறது.

ஆனாலும் பேரம் மாறிவிட்டது. முன்பு பாடகர் வெறுங்கையோடு கம்பெனிக்குப் போனார். இன்று பதிவு செய்து முடித்த பாட்டோடு போகலாம், பிடிக்காவிட்டால் அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு திரும்பியும் வரலாம். மாஸ்டர் யாருடையது என்ற பழைய கேள்விக்கு "என்னுடையது" என்று சொல்ல ஒரு சாதாரண மனிதருக்கு முதல் முறையாக வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

தொலைபேசிக்காரர்களின் ஜாக், நார்வே வானொலியின் விளக்கு மின்சாரம், வீடியோ டேப்பின் 44,100, கேமராவின் கேபிள், மவுஸின் கேபிள். பாடுபவரை நினைத்து யாரும் செய்யாத இவை எல்லாம் சேர்ந்து பாடுபவரின் மேசைக்கு வந்திருக்கின்றன. பெட்டி வாங்கியாயிற்று என்றால் மிச்சம் இருப்பது மின்விசிறியை நிறுத்துவது, ஜன்னலைச் சாத்துவது, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓயும் வரை காத்திருப்பது. பிறகு பாட வேண்டியதுதான்.